அண்டாவில் இருந்த நல்ல தண்ணீர்

போன ஆனி மாதம், மகளைக் கட்டிக்கொடுத்த கடலோர ஊருக்கு நானும் என் கணவரும் முதல்முறையாகப் போனோம். போடியிலிருந்து பஸ்சில் போய் இறங்கியதில் உடம்பெல்லாம் கசகசவென்றிருந்தது. வாசலில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. எங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சொம்பு சொம்பாக மொண்டு கைகால் கழுவினோம். செருப்பில் ஒட்டிய மணலுக்கும் ஊற்றினோம்.

மகள் ஓடிவந்து என் காதில் சொன்னாள்: "ஆத்தா, அது குடிக்கிற தண்ணி. கடல் ஏறி வந்ததுல கெணறெல்லாம் உப்பாப் போச்சு. லாரி இனி நாளைக்குத்தான் வரும்."

சம்பந்தியம்மா அவளை அதட்டினார். "சும்மா இரு தாயி. களைச்சு வந்திருக்காக."

வீட்டுக்குப் பின்னால், பழைய கோயில் மண்டபத்தின் தூண்கள் அலைக்குள் நின்றன. அந்த மண்டபத்தில்தான் சம்பந்தியம்மாவுக்குக் கல்யாணம் நடந்ததாம்.

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன். "போடியில இருந்து சம்பந்தி வந்திருக்காக. ஒரு கொடம் குடு" என்று பெருமையாகக் கேட்டார். அந்தப் பெண் தன் பானையைச் சாய்த்துக்கொண்டே என்னிடம், "ஒங்க ஊர்ல தண்ணிக்குக் கொறையே இல்லையாமே, மதினி?" என்றாள்.

போடிக்கு மேலே குரங்கணி மலைப் பக்கம் நல்ல மழை. நாங்கள் கிளம்பும்போது எங்கள் தெருக்குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கும் கஷ்டந்தான்" என்றேன்.

"அங்கயுமா?" என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

மகள் கல்யாணத்துக்குப் போடி வந்தபோது சம்பந்தியம்மா எங்கள் ஊர்த் தண்ணீரையெல்லாம் பார்த்திருந்தார். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.