வாயை நம்பாத டாக்டர்

அப்பாவை மாரடைப்பு கொண்டுபோனது, அண்ணனையும் அதுவே. வரிசையில் அடுத்த ஆள் நான். எனக்கு வரிசையில் நிற்பதே ஆகாது. அதனால் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே இதய ஆராய்ச்சிகளைச் செல்போனில் மேய ஆரம்பித்தேன். தூக்கக் குறைவு ஆபத்து, தொப்பை ஆபத்து, ஓயாத வாகனச் சத்தம்கூட ஆபத்தாம். படிக்கப் படிக்க ஒரே குதூகலம். என்னிடம் இல்லாத ஆபத்தே இல்லை!

என் மனைவி எதையும் படிக்கவில்லை. உப்பை நிறுத்தினாள், அவ்வளவுதான். கருவாடு வாசலோடு திரும்பிப் போனது. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பார்க்கிற நான், என் வீட்டில் வைக்கோல் தின்கிற முகத்தோடு மாதக்கணக்கில் சாப்பிட்டேன். கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது.

"பொரிச்ச பரோட்டா தின்னுட்டு வாறீயளோ?" என்று சட்டையை மோந்து பார்ப்பாள்.

"சத்தியமா இல்லளா."

"உங்க அண்ணனும் இப்படித்தான் சத்தியம் பண்ணினாவ."



மூன்றாவது மாத்திரையை எழுதப்போன டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எவ்வளவு உப்புன்னு கேட்டா எல்லாரும் கொஞ்சம்னுதான் சொல்லுதாங்க, அண்ணாச்சி. அதான் ஆராய்ச்சிக்காரங்க வாயை நம்பாம மூத்திரத்தை அளக்காங்க. ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக் கொண்டாங்க. தின்ன உப்புல முக்கால்வாசி அதுலதான் வெளிய வரும்."

எனக்கு ஒரே உற்சாகம். என் யோக்கியதைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது! பிளாஸ்டிக் கேனை ஸ்கூட்டரின் முன்னால் தொங்கவிட்டு உப்பளத்துக்குப் போனேன்.

"கேன்ல என்ன அண்ணாச்சி, பதனியா? எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க" என்றார் லாரிக்காரர்.

"இது வேற மரத்துச் சரக்குவே."

ரிப்போர்ட் வந்தது. உப்பு தாறுமாறாக இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையை எழுத என்னிடம் தைரியம் இல்லை.

மறுநாள் காலை குடையோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "நானும் வாரேன். நீங்க எங்கன போய்த் திங்கீயன்னு பாக்கணும்."

"தாராளமா வா" என்றேன். மடியில் கனமில்லாதவனின் மிடுக்கு.

உப்பளத்தில் முதல் அம்பாரத்தின் முன்னால் நின்றோம். வெயிலில் கண்கூசும் வெள்ளைக் குவியல். வழக்கம்போல ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன்.

"ஏங்க!"

குடை கீழே விழுந்தது.

"என்னளா? சரக்குப் பாக்கேன்."

எங்கள் தொழிலில் வெள்ளையைப் பார்த்து உப்பு வாங்குகிறவன் கத்துக்குட்டி. கசப்பு இருக்கிறதா என்று நாக்குதான் சொல்ல வேண்டும். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு கல்லைப் போட்ட பிறகுதான் விலைப்பேச்சே. அடுத்த அம்பாரத்துக்கு அடுத்த கல். நடுவில் சும்மா இருக்கும் வாய்க்கு, வெற்றிலை ஒதுக்குவதுபோல, கன்னத்தில் ஒன்று. இதை நான் தின்பதாக என்றைக்கு நினைத்தேன்? இது வேலை அல்லவா!

"இப்போ அந்தக் கன்னத்துல என்ன?"

தடவிப் பார்த்தேன். இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"துப்புங்க."

துப்பினேன். துப்பிய கையோடு அம்பாரத்தைச் சுற்றி ஒரு குதி குதித்தேன். "கண்டுபிடிச்சாச்சு! கண்டுபிடிச்சாச்சு!"

"கண்டுபிடிச்சது நான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இப்போதெல்லாம் ருசி பார்த்ததும் துப்பி, வாயைக் கொப்பளிக்கிறேன். அளத்துக்காரர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். இந்தத் தடவை டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "கொதிப்பு இறங்கிட்டு. இருக்கிற ரெண்டு மாத்திரையே போதும், அண்ணாச்சி."

வாசல்வரை பொறுத்தேன். "ஏளா, இதைக் கொண்டாட இன்னைக்கு ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு..."

"வைக்கேனே" என்றாள் மனைவி. "கேனைக் கழுவிக் காயப்போட்டுத்தான் வச்சிருக்கேன்."