காலியாக விட முடியாத கட்டம்

பிள்ளைகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது சுலபம். அதைப் பெற்றவர்கள் பார்க்கக் கேட்கும்போதுதான் ஸ்கூல் ஆபீஸ்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பம். ஆவடிப் பக்கம் ஒரு பிரைமரி ஸ்கூலில் ஒன்பது வருடமாக நான் கிளார்க். இதே நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுதிக் கொடுங்க

அயனம்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து ஐ.டி. அப்பா ஒருவர் வந்தார். தன் மகளைப் பற்றி எங்கள் சிஸ்டத்தில் இருப்பதையெல்லாம் பார்க்க வேண்டுமாம். எங்கள் பிரின்சிபால் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான்: யார் கேட்டாலும் எழுதி வாங்கு, வாங்கியதை ஃபைலில் போடு. அவர் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காங்க சார்" என்றேன். மனுஷன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஆபீஸ்ல தினம் இதையேதான் சொல்றேன் மேடம், வேற ஏதாவது சொல்லுங்க."

சிவப்பு நட்சத்திரம்

எங்கள் சாஃப்ட்வேரில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதைக் காலியாக விட்டால் பக்கம் சேவ் ஆகாது. அஞ்சாம் வகுப்பு மிஸ் கொடுத்த படிவங்களிலோ அந்த இடம் மொத்தமும் வெள்ளை. விவரம் ஏற்றக் கடைசி நாள், சர்வர் வேறு படுத்துகிறது. முதல் பிள்ளைக்கு 'தனிக் கவனம் தேவை' என்று அடித்தேன். அதையே காப்பி பண்ணி வகுப்பு முழுக்க ஒட்டிவிட்டேன்.

மனசு கேட்காமல் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமலே சொன்னார்: "விடுங்க மேடம், அதையெல்லாம் யாரு படிக்கப்போறா?"

சேக்காட்டிலிருந்து ஒரு அம்மா

அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், லீவு போட்டு வந்திருந்தார். அவர் மகள் எங்களிடம் அஞ்சாவது முடித்தவள். ஆறாவதுக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஸ்கூலில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் ரெக்கார்டை பிரின்ட் எடுத்து நாங்கள் ஒட்டிக் கொடுத்த கவரை அங்கே பிரித்துப் படித்துவிட்டு, சீட் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

"உள்ள இன்னா எழுதிக்கீறீங்க? ஒரு வாட்டி காட்டு மேடம். எங்கிட்ட இன்னா கொறன்னு பொண்ணு கேட்டுகினே கீறா. ரெண்டு நாளா சரியா துன்னல."

"எழுதிக் கொடுங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு மானிட்டரைத் திருப்பினேன். அந்த ஒரு வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். மிஸ் எழுதினார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "நான்தாம்மா போட்டேன். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. கட்டம் காலியா இருந்துச்சு, அவ்ளோதான்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

மிஸ்ஸை வரவழைத்து உண்மையான குறிப்பைச் சொல்லச் சொல்லி ஏற்றினேன். பிரின்ட் எடுத்து, மீட்டிங் நடுவிலேயே நுழைந்து பிரின்சிபாலிடம் கையெழுத்தும் வாங்கினேன். சீட் இன்னும் மிச்சமிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. "இத்த நீயே ஊட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு மேடம், நான் சொன்னா நம்ப மாட்டா."

அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்; பெற்றவர்களிடம் ரெக்கார்டைக் காட்டாமல் நாம் இத்தனை கட்டுக்காவல் போடுவதெல்லாம், அதில் நம்ம லட்சணம் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான்.