அப்பா முந்திச் சிரித்த படம்

அப்பாவுக்குக் காது கேட்காததை ஊருக்குச் சொல்வதா என்று தயங்கியே பல வருஷம் இதை எழுதாமல் இருந்தேன். போன ஞாயிறு மகள் டீவியில் ஒரு புதுப் படம் போட்டாள். அந்தக் காலத்து ஊமைப் படங்களுக்கு மரியாதையாக, வசனமே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தபடியே கண் கலங்கிவிட்டது.

இலங்கை மலையகத்தில், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மெஷினடியில் நின்றே காது மந்தமானவர். அந்த இரைச்சலில் அங்கே எல்லாரும் கையாலும் முகத்தாலும்தான் பேசுவார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் போட்டால், அப்பா மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிந்திச் சிரிப்பார்.

"அண்ணனுக்கு இப்பத்தான் வந்து சேர்ந்திச்சு!" என்று பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்லையா கேலி செய்வார். எனக்கு அழுகை வரும்.

ஒரு திருவிழாவுக்கு, "இந்த வருஷம் நான் வரல" என்ற அப்பாவை நான்தான் கெஞ்சி இழுத்துப்போனேன்.

மாரியம்மன் கருணையால் பாதிப் படத்தில் ஸ்பீக்கர் செத்துப்போனது. படம் ஓடிற்று, சத்தம் இல்லை. சனம் கூச்சல் போட்டது. அப்பா மட்டும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கடகடவென்று சிரித்தார்.

"என்னண்ணே, அவன் என்னா சொல்றான்?" என்றார் செல்லையா.

"மாமியார்கிட்ட பொய் சொல்றான், முழியப் பாரு! இப்பத்தான் எல்லாரும் நம்ம ஸ்டோருக்கு வந்திருக்கீங்க."

கடைசிவரை அப்பா சொல்லச் சொல்ல, மற்றவர்கள் பிந்திச் சிரித்தார்கள். என் நெஞ்சுப் பாரம் அங்கேயே இறங்கியது.

இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் அப்பாவுக்குக் காது கொடுத்தாள் என்று மாற்றிவிடாதீர்கள். அவள் ஸ்பீக்கரைத்தான் நிறுத்தினாள்.