சப்பாத்துக்குள் கிடந்த சோறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒஸ்லோவில் குளிர் இறங்கத் தொடங்கிய நேரத்தில் நடந்தது இது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், காட்டை ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இன்றும் இருக்கிறோம். என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்திருந்தார்கள். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். குழந்தை வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோது அவளுடைய அப்பா ஊரில் தவறிவிட்டார். விமானத்தில் போக முடியாத நிலை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு பிடி சோற்றை, இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடந்த தட்டையான கல்லில் வைப்பாள். இங்கத்தைய காகத்துக்கு உடம்பு சாம்பல் நிறம். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இது காக்காதானே? ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். காகம்தான் என்று நான் உறுதி சொன்ன பிறகே சோறு வைத்தாள்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே எங்கள் இரண்டு வீட்டுச் சாமான் கொட்டில்களும் ஒட்டியபடி இருந்தன. மரப்பலகையால் ஆனவை. பனிக்கால டயர்களை எடுக்க என் கணவர் ஒருநாள் கொட்டிலைத் திறந்தார். தரையெல்லாம் எலிப் புழுக்கை. வெளியே காற்று அடித்ததால் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டைத் துடைப்பத்தால் நன்றாகக் கூட்டித் தள்ளிவிட்டு, புருவமெல்லாம் தூசியோடு வந்து நின்றார்.

"இஞ்சை பார், எலி அங்கை குடும்பமே நடத்தியிருக்கு. வாடகை கேக்கவேணும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, குளிக்கச் சொல்லி அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளிக்காய்ச்சல்தான் என்று நினைத்து மாத்திரையும் இஞ்சித் தேநீரும் கொடுத்தேன். குறையவில்லை. தலை வெடிக்கிறது என்றார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஒரு மத்தியானம், கையில் இருந்த தொலைபேசியைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "கண் மங்கலாக் கிடக்கு. நேற்றிலிருந்து ஒண்டுக்கும் சரியாப் போகேல்லை" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாசலில் நின்று அவசர வைத்திய நிலையத்துக்குத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். உடனே கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றேன். அவள் கணவர் ஊரில் இல்லை. அவளுக்கு நோர்வே லைசென்ஸ் கிடைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. வெளியே அந்த வருடத்தின் முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க அக்கா. அண்ணனை முன்னாடி உட்கார வைங்க. நீங்க பின்னாடி பாப்பாவைப் பாத்துக்கங்க" என்று தங்கள் காரைத் திறந்தாள்.

வழி முழுக்க அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒரு வளைவில் கார் வழுக்கியபோது "முருகா" என்றாள். ஆனாலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பரிசோதித்த வைத்தியர் ஒரு இளம் பெண். கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தவர், "இந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் மலைக்குடிலோ கொட்டிலோ துப்புரவு செய்தீர்களா?" என்றார். இவர் எலிப் புழுக்கை கூட்டிய கதையைச் சொன்னார். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது எலியால் வரும் காய்ச்சலாக இருக்கும்" என்றார்.

எலிக்காய்ச்சல் என்றால் ஊரில் வயல் தண்ணீரில் வருவது என்றுதான் எனக்குத் தெரியும். இது வேறு. காட்டோரத்துச் செம்பழுப்புச் சுண்டெலியின் எச்சத்தில் இருக்கும் கிருமி, காய்ந்த பிறகு தூசியோடு மூச்சில் போய்விடுமாம். சிறுநீரகத்தைத் தாக்குமாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, பெரும்பாலானவர்கள் நன்றாகக் குணமாகிவிடுவார்கள் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை, சிறுநீரகம் தானாகத் தேறும்வரை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றார். என் கணவரை வைத்தியசாலையில் சேர்த்தார்கள்.

எங்கள் வீட்டு இன்சூரன்ஸ் காப்புறுதியில் எலித் தடுப்புச் சேவையும் சேர்ந்திருந்தது. ஆள் வந்து முகமூடி போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். மூலையில் கிடந்த, பனிச்சறுக்குக்குக் காலில் போடும் பழைய சப்பாத்து ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே கொண்டுவந்து காட்டினார். அதற்குள் எலிகளின் களஞ்சியம். காய்ந்து கல்லாய்ப் போன சோற்றுப் பருக்கைகள். சூரியகாந்தி விதைகளும் கலந்து கிடந்தன. ஆனால் என் கண்ணில் பட்டது சோறு மட்டும்தான்.

யாருடைய சோறு என்று எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் சூடேறியது. என் மனுசன் அங்கே ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்கிறார்; இங்கே எலிக்கு விருந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாய்வரை வந்த வார்த்தைகளை எப்படி விழுங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. பனியில் கார் ஓட்டிய அந்த வெளுத்த விரல்கள் ஞாபகம் வந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நான் சொல்லவே தேவைப்படவில்லை. அவள் குழந்தையோடு வேலியோரம் வந்து நின்றிருந்தாள்.

"அது எங்க வீட்டுச் சோறா அக்கா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லே கத்தி மாதிரித்தான் போயிருக்கும். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் கல்லில் சோறு இல்லை. காகங்கள் வந்து கத்திவிட்டுப் போயின. நான் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "எங்கப்பாவுக்கு வெச்சது அண்ணனைப் படுக்க வெச்சிடுச்சு. மன்னிச்சிடுங்க அக்கா" என்று தொலைபேசிக்குச் செய்தி வந்தது. நான் அந்தத் தொலைபேசியோடு வைத்தியசாலைக்குப் போனேன்.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சப்பாத்துக்குள்ளை சோறு மட்டுமோ?"

"சூரியகாந்தி விதையும் இருந்தது."

"அது ஆருடைய விதை?"

எனக்குச் சுரீர் என்றது. பனிக்காலத்தில் குருவிகளுக்குப் போடவென்று வாங்கிய விதை மூட்டையை அந்தக் கொட்டிலில் வைத்தது நாங்கள்தான்.

"கதவுக்குக் கீழை இருக்கிற ஓட்டையை அடுத்த கிழமை அடைப்பம், அடுத்த கிழமை அடைப்பம் எண்டு விட்டதும் நான்தான். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? போனைத் தா" என்றார்.

நான் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் எடுத்ததும் இவர், "பிள்ளை, ஒரு சந்தோசமான செய்தி. எனக்கு இண்டைக்கு விடியத் தொடக்கம் ஒண்டுக்குத் தாராளமாப் போகுது! தாதி அளந்துபோட்டு ஓடிப்போய் வைத்தியருக்குச் சொன்னவ" என்றார்.

அவள் சிரித்தது எனக்கே கேட்டது. சிரிப்பு அழுகையாக மாறியதும் கேட்டது. "அழாதை பிள்ளை. நான் வரேக்கை ரசம் வைச்சுத் தா. உங்கட ஊர் ரசம்" என்று இவர் சொன்னார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அவர் வீட்டுக்கு வருமுன் நானும் அவளும் இரண்டு கொட்டில்களையும் துப்புரவு செய்தோம். இந்தமுறை துடைப்பத்தைத் தொடவே இல்லை. கதவுகளைத் திறந்து வைத்து வெகுநேரம் காற்றோட விட்டோம். முகமூடியும் கையுறையும் போட்டு, புழுக்கை கிடந்த இடமெல்லாம் குளோரின் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, காகிதத்தால் துடைத்துப் பையில் கட்டிப் போட்டோம். பென்சில் நுழையும் ஓட்டை என்றால் எலியும் நுழையும் என்று எலித் தடுப்புக்கு வந்தவர் சொல்லியிருந்ததால், மூலை மூலையாகத் தவழ்ந்து இரும்புக் கம்பிப் பஞ்சை அடைத்தோம். விதையும் அரிசியும் தகர டின்களுக்குள் போயின. அவள் திரும்பவும் காகத்துக்குச் சோறு வைத்தாள், ஆனால் காகம் தின்று முடியும்வரை குளிரில் நின்று, மிச்சத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போவாள்.

கணவர் மெலிந்து வந்தார். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. வசந்தம் வந்தபோது மறுபடி பஸ் ஓட்டப் போனார். கடைசிப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது இலை உதிரும் காலம் வந்தால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து ஓட்டைகளைத் தேடி அடைக்கிறோம். அப்படிச் செய்யலாமா என்று முதலில் எல்லோரிடமும் போய்க் கேட்டவள் அவள்தான்.

அவள் குழந்தை இப்போது என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறது. அப்படி அது ஓடிவரும்போதெல்லாம், அன்று வேலியோரத்தில் அந்த 'ஓம்' என்பதற்கு மேல் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவை இழந்திருப்பேன் என்று நினைத்து, பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கியே தூக்கிக்கொள்கிறேன்.