தொப்பூருக்குப் போன கண்ணாடி ஆடு

கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வளைத்து, உள்ளே நியான் வாயு அடைத்து, கரண்ட் கொடுத்தால் சிவப்பாக எரியும். அதுதான் என் தொழில். தர்மபுரியில் எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் பெயர்ப்பலகை செய்வதில்லை. உருவங்கள் மட்டும்தான். அதுவும் எனக்குப் பிடித்தால்தான்.

சூடேறிய குழாய் வளைக்கும்போது சப்பிப் போகும். அதற்காக அதன் முனையில் ரப்பர் டியூப் மாட்டி, வாயில் கவ்விக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். அந்த நேரம் கலெக்டரே வந்தாலும் பேச முடியாது. கையிலுள்ள குழாயையும் மேசையிலுள்ள படத்தையும் மாறி மாறிப் பார்ப்பேன். தலையும் கூடவே மேலும் கீழும் ஆடும்.

தொப்பூரில் மட்டன் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், வாசலுக்குப் பக்கத்தில் மாட்ட ஓர் ஆடு கேட்டார். படுத்திருக்கும் வெள்ளாடு செய்தேன். கழுத்தைத் திருப்பி, கடைக்குள் நுழைகிறவர்களையே பார்க்கும். நான் செய்ததிலேயே அந்தக் கண்தான் உசத்தி. அப்படி ஒரு கண்ணை இனி நானே நினைத்தாலும் வளைக்க முடியாது.

கொஞ்ச நாளில் பாய் ஆட்டோடு திரும்பி வந்தார்.

"யக்கா, ஆடு நல்லாருக்குது. ரொம்ப நல்லாருக்குது. அதாங்க தொந்தரவு."

"அதுல என்ன பாய் தொந்தரவு?"

"லாரிக்காரங்க பசியோட எறங்கறாங்க. ஆட்டைப் பாக்கறாங்க. உள்ள வந்து தயிர் சாதம் இருக்கான்னு கேக்கறாங்க. கண்ணை மட்டும் மூடிக் குடுங்க, தூங்கற மாதிரி."

"என் ஆடு தூங்காது பாய்."

ஆட்டை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தபோது, நான் ஒரு கிளியின் மூக்கை வளைத்துக்கொண்டிருந்தேன். வாயில் டியூப். வாசலில் நின்றபடியே, "மூடிரலாங்களாக்கா? வெள்ளிக்கெழமை வந்து எடுத்துக்கட்டுங்களா?" என்றார். நான் மூக்கைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். மனிதர் சந்தோஷமாகப் போய்விட்டார். கூப்பிட்டிருந்தால் மூக்கு போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் வீட்டம்மாவோடு வந்து இறங்கினார். ஆடு கண் திறந்தபடியே இருந்தது.

"சரின்னு தலையாட்டினீங்களே."

"கிளி மூக்கைப் பாத்தேன் பாய். உங்களை ஆரு பாத்தா?"

வீட்டம்மா சிரித்துவிட்டார். "இவரு இப்படித்தாங்க. நான் ஊசியில நூல் கோக்கத் தலையை ஆட்டினதுக்கு, மச்சான் வூட்டு மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கச் சம்மதம்னு போய்ச் சொல்லிட்டு வந்தவரு."

பாய் முகம் சுண்டிப்போனது. கண்ணை மூடினால்தான் எடுத்துப்போவேன் என்றார். மூடினால் இந்தப் பட்டறையை விட்டு அது நகராது என்றேன். அந்த அம்மாதான் ஆட்டின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"பின்னாலயும் இதே மாதிரிதான் எரியுதுங்களா?"

"எரியும்."

"அப்பத் திருப்பி மாட்டுங்களேன். பக்கத்துக் கடையைப் பாக்கட்டும்."

ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பாய் கடையில் மறுபடி பிரியாணி ஓடியது.

பத்து நாள் ஆகியிருக்காது. பக்கத்து மட்டன் சுக்காக் கடைக்காரர் மொரப்பூர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றார். "ஆத்தா, அந்த ஆட்டோட கண்ணை மூடிருங்க. செலவை நான் பாத்துக்கறேன். மூடிரலாங்களா?"

கிளியின் வால் அப்போதுதான் நெருப்பில் இளகியிருந்தது. கழுத்தை அசைக்காமல், படத்தைப் பார்க்காமல், சுவரையே பார்த்துக்கொண்டு வளைத்தேன்.

"ஆத்தாளுக்குக் கழுத்துப் பிடிப்பு போலிருக்குதுங்க" என்றார் துணைக்கு வந்தவர். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

வால் கோணிக்கொண்டுதான் வந்தது. பரவாயில்லை, கிளிக்கு அதுவும் ஒரு அழகு.