கெட்டியான ஓரம்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவர் பெயரே பிளேடு அக்காதான். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி அனுப்பும் சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டித் தருவார். இருபத்திரண்டு வருஷ வேலை. நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்பவள். அக்காவிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரரின் தொடைக் கட்டி வந்திருந்தது. டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "எலும்புக் கேன்சர். தட்டுங்கம்மா" என்றார். வியாழன் பத்து மணிக்குத் தையல்காரரின் வலது காலை எடுக்க நாள் குறித்தாயிற்று.

பின்னால் நின்று படித்த அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"நிறுத்துடி. அதுல நடுப்பகுதியை மட்டும்தான் வெட்டினேன். ஓரம் கல்லு மாதிரி இருந்துச்சு. பிளேடு போயிடும்னு அதை பாட்டில்லயே விட்டுட்டேன்."

எல்லோரும் செய்வதுதான். புது பிளேடு கேட்டால் ஸ்டோர்காரர் சொத்தை எழுதிக் கேட்டதுபோல் முறைப்பார். அதற்காக ஒரு மனுஷனின் காலா?

அக்கா போய்ச் சொன்னதும் டாக்டர் எகிறினார். "இப்ப வந்து சொல்றீங்களே! அடிபட்ட சதையிலகூட எலும்பு முளைக்கும். நடுவுல பாத்தா கேன்சர் மாதிரியேதான் இருக்கும். ஓரத்தைப் பாத்தாதான் தெரியும். வியாழன் பத்துக்குள்ள கொண்டாங்க. கேன்சர்னா அதுக்கு மேல தள்ளிப்போட மாட்டாங்க."

கெட்டி ஓரம் அமிலத்தில் ஊறி இளக வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் செல்லெல்லாம் பாழ். மணிக்கொரு தரம் அக்கா ஊசியால் குத்திப் பார்த்தார். புதன் மதியமும் இறங்கவில்லை.

"கால் போனா மெஷினை எப்படிக்கா மிதிப்பாரு?"

"வாயை மூடுடி" என்றார், கண் கலங்க. சாயங்காலம்தான் ஊசி இறங்கியது.

வியாழன் ஒன்பதே கால். முதல் இரண்டு சீவலும் கிழிந்தன. மூன்றாவது நின்றது. சாயம் ஏற்றி டாக்டரிடம் ஓடினோம்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்த டாக்டர் ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். அட, பேசித் தொலையுங்களேன் என்று வாய்வரை வந்துவிட்டது. கடைசியில் அக்காவுக்கு இடம் விட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்பக்கம் நார் நாராக இணைப்புத் திசு. நார்களுக்கு நடுவே இளஞ்சிவப்புத் திட்டுகள். அவற்றின் விளிம்பில் செல்கள் வரிசை பிசகாமல் நின்று எலும்பு போட்டுக்கொண்டிருந்தன. வெளியோரத்தில் முற்றிய, நல்ல எலும்பு.

"கேன்சருக்கு இந்த ஒழுங்கு கிடையாது" என்றபடி டாக்டர் போனை எடுத்தார். பத்துக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

மறுநாள் தையல்காரரின் மனைவி எங்கள் கவுண்டரில் வந்து கத்தினார். "ஒரு ரிப்போர்ட்டுக்கு ரெண்டு நாள் உயிரை எடுத்துட்டீங்களே! காலைத் தடவித் தடவி அழுதாரு தெரியுமா?"

நான் பதிலுக்கு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"தப்பு என்னுதுதான்மா" என்றார்.

அந்தம்மா இன்னும் திட்டினார். தொடையில் சதை எடுத்த இடத்தில் போட்ட கட்டோடு மெல்ல ஊன்றி வந்த தையல்காரர், "போதும், வா" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி நடந்துபோனார்.