தாம்போதியில் ஒரு குடை

கல்முனைக்கு மேற்கே, தண்ணீருக்கு நடுவே போகும் தாம்போதியின் இக்கரையில் எங்கள் வேன் நிற்கிறது. நேற்றைய வெள்ளம் பாதையில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது ஒரு வண்டிக்கான அகலம்தான். இருபுறமும் தண்ணீர், கொட்டும் மழையில் மறுகரை தெரியவில்லை. காலையில் நடுவழியில் இரண்டு டிராக்டர்கள் நேருக்கு நேர் வர, பின்வாங்கிய ஒன்று தண்ணீருக்குள் சரிந்ததாம்.

அதற்குப் பிறகுதான் வண்டிகளை ஒவ்வொன்றாக விட காசிம் காக்கா வந்து நிற்கிறார். மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் போட்டராக இருந்தவர். மழைக்குத் தலையில் உரச்சாக்கு.

"ஒத்தத் தண்டவாளத்தில, டிரைவர்ர கையில வளையம் இருந்தாத்தான் ரயில் ஓடும் தம்பி. வளையம் ஒண்டுதான், அதால எதிர ஒண்டும் வராது. இஞ்ச என்ட குடதான் வளையம்."

மழைக்குள்ளிருந்து ஒரு லொறி வெளிப்படுகிறது. சாரதி காக்காவிடம் நீட்டுவது பூப்போட்ட துணியால் ஒட்டுப்போட்ட கறுப்புக் குடை.

"நனையிறீங்களே காக்கா, ஒரு கம்பு குடுத்தாப் போதாதா?" என்கிறேன்.

"கம்பெண்டா ஆளுக்கொண்டு முறிச்சிட்டு வருவானுகள். என்ட பொஞ்சாதி பூப்போட்ட சீத்தத் துணி வெச்சுத் தைச்ச குட, ஊருக்கே இது ஒண்டுதான்."

முன்சீட்டில் இருக்கும் என் மடியில் குடையை வைக்கிறார். வேன் ஊர்ந்து அக்கரை சேர்கிறது. அங்கே காத்திருக்கும் டிராக்டர்காரரிடம் கொடுக்க இறங்குகிறேன். பத்தடிதான், ஆனால் பேய்மழை. விரிக்க மனம் வராமல் குடையைச் சட்டைக்குள் அணைத்தபடி ஓடுகிறேன்.

கூரையில்லாத டிராக்டரில் தெப்பமாக நனைந்திருக்கும் மனிதர் அதை வாங்கி, அவரும் விரிக்காமல், மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு மழைக்குள் கிளம்புகிறார்.